பதினெட்டடிக் காரவான்

ராக்கப்பன் எனக்கு இரண்டு வழியில் சொந்தம். அவனைப் பெற்ற இருளாயி, என் அப்பாவோடு கூடப் பிறந்தவள், எனக்கு அத்தை. அவன் கட்டிய மீனாம்பாள் என் சித்தப்பா மகள், எனக்குத் தங்கச்சி. எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரே ஊர்தான் எங்களுக்கு. ஷார்ஜாவில் ரோலாவில் ஒரு கர்ட்டன் கடையில் நான் தையல் வேலை பார்த்தேன். அவன் ஒரு அரபி வீட்டில் டிரைவர். ஒரே வீட்டில் இருபத்தொன்பது வருஷம்.

வீட்டு டிரைவருக்கு காம்பவுண்டு கேட் பக்கத்தில் ஒரு ரூம் கொடுப்பார்கள். ஒரு கட்டில் போட்டால் கதவு முக்கால்தான் திறக்கும். பொண்டாட்டியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள அங்கே இடமும் கிடையாது, அந்தச் சம்பளத்துக்கு ஃபேமிலி விசாவும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் இரண்டு மாசம் லீவு. மீனாம்பாள் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. கல்யாணம் முடிந்து ஆறு மாசத்தில் இவன் கிளம்பி வந்தான். உமாராணி பிறந்தது போனில்தான் தெரியும். அதற்குப் பிறகு பதினாலு லீவு. எல்லாம் சேர்த்தால் புருசன் பொண்டாட்டியாக இருந்தது மூன்று வருஷத்துக்கு இரண்டு மாசம் குறைச்சல். இந்தக் கணக்கைப் போட்டவன் நானில்லை, அவனே போட்டுச் சொன்னான்.

குளிர்காலம் வந்தால் அந்தக் குடும்பம் பாலைவனத்தில் போய் இருக்கும். வியாழக்கிழமை வருவார்கள், சனிக்கிழமை போவார்கள். அதற்காக ஒரு காரவான் வைத்திருந்தார்கள். சக்கரம் வைத்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. நீளம் பதினெட்டடி, அகலம் ஏழடி. நவம்பர் வந்தால் ராக்கப்பன் அதை லேண்ட்குரூசருக்குப் பின்னால் மாட்டி மணலுக்கு இழுத்துக்கொண்டு போவான். ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்துவான், தொட்டியில் தண்ணீர் ஏற்றுவான், ஜெனரேட்டர் போடுவான், மெத்தைக்கு உறை மாற்றுவான். அவர்கள் உள்ளே படுப்பார்கள். இவன் லேண்ட்குரூசர் பின்சீட்டில் காலை மடக்கிப் படுப்பான். இருபது குளிர்காலம் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு விரித்தவன், ஒரு நாள்கூட அதில் சாய்ந்ததில்லை.

கொரோனாவுக்கு மறு வருஷம் பெரிய அர்பாப், அந்த வீட்டு முதலாளி, இறந்துபோனார். பிள்ளைகள் புதுசாகப் பெரிய காரவான் ஒன்று வாங்கினார்கள். அப்போது பெரிய மதாம், அர்பாபின் சம்சாரம், இவனைக் கூப்பிட்டுச் சொன்னது. பழைய காரவான் உனக்கு. தைத் என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற நம் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொள். உனக்குக் கண் மங்கிவிட்டது, ரோட்டில் ஓட்டினதெல்லாம் கலாஸ், முடிந்தது, இனி ஆடுகளையும் பேரீச்சை மரங்களையும் பார். உன் பொண்டாட்டியைக் கூட்டி வா. முதலில் விசிட்டில் வரட்டும், பிறகு தோட்டத்துப் பேரில் விசா அடித்துத் தருகிறோம்.

அன்றைக்கே ரோலாவுக்கு வந்துவிட்டான். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். விஷயத்தை எல்லாம் சொல்லி முடித்து, வெட்டுமேஜையைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு கேட்டான்.

"மச்சான், மீனா என் தோளுக்கு வருவாளா, காதுக்கு வருவாளா?"

அடுப்பு மேடையை அவள் உயரத்துக்குத் தக்கன இறக்க வேண்டுமாம். அங்கே இருந்த மேடை அரபிப் பொம்பளைகள் உயரத்துக்குச் செய்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னமோபோலவும் இருந்தது. தோளுக்குக் கொஞ்சம் கீழேதான் வருவாள் என்றேன். சித்தப்பா வீட்டில் எல்லாருமே கட்டை. அவன் டேப்பை வாங்கித் தன் தோளிலிருந்து தரைக்கு அளந்து, கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

அது ஏப்ரல் மாசம் முதல் வாரம். சரியாக இரண்டு வாரம் கழித்து உமாராணி எனக்குப் போன் பண்ணினாள். அவளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது.

"மாமா, அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு," என்றாள்.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நாலு நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். விட்டால் ஒரு வாரம் தாங்காது. அப்பாவுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா தன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், நீங்களும் வாயைத் திறக்காதீர்கள் என்றாள்.

வளைகுடாவுக்கு வந்தவர்கள் வீட்டில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. போனில் நல்லதைத்தான் சொல்வது. கேட்டு அங்கே தவிக்கிறவன் ஓடி வரவா முடியும், எதற்கு அவனைச் சாகடிக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. என் அம்மா போனது எனக்கு முப்பதாம் நாள்தான் தெரியும். இந்தப் பக்கமும் அப்படித்தான். ராக்கப்பன் ஒருதரம் கோர்ஃபக்கான் ரோட்டில் லாரியில் மோதி இரண்டு மாசம் கையில் கட்டோடு இருந்தான். மீனாம்பாளுக்குக் கடைசிவரை அது தெரியாமலே போயிற்று. கட்டு வீடியோவில் தெரியாமல் இருக்க, நான்தான் அப்போது அவனுக்குப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் உமாராணி சொன்னபோது சரிம்மா என்று சொல்லிவிட்டேன். தப்பு என்று அப்போது தோன்றவில்லை.

ராக்கப்பன் தினமும் காலையில் பத்து மணிக்கு ஊருக்குப் பேசுகிறவன். செவ்வாய், வெள்ளி மட்டும் பேச வேண்டாம், நான் காளியம்மன் கோயிலுக்குப் போய்விடுகிறேன் என்று மீனாம்பாள் சொல்லிவிட்டாள். செவ்வாய் வெள்ளி அம்மனுக்கு உகந்த நாள், யார் சந்தேகப்படுவார்கள்? அவனுக்கு இதில் பெருமை வேறு. நம்ம மீனாவுக்கு வயசு ஆக ஆக பக்தி முத்திப்போச்சு மச்சான் என்று கடைக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கோடைக்காலம் முழுக்க அவனுக்குக் காரவான்தான் வேலை. ஜூலையில் அந்தத் தகரத்துக்குள் நிற்க முடியாது. விடியற்காலையில் ஆரம்பித்து ஒன்பது மணிக்கு வெளியே வந்துவிடுவான். கூரை ஒழுகிய இடத்தில் சிலிகான் அடைத்தான். ஈரத்தில் ஊறி உப்பியிருந்த தரைப் பலகையைப் பெயர்த்துப் புதுப் பிளைவுட் போட்டான். டயர் மணலில் புதைந்து வெடிக்காமல் இருக்க வண்டியைத் தூக்கி நாலு மூலையிலும் சிமென்ட் கல் கொடுத்தான். பம்பு ரூமிலிருந்து கரண்டு இழுத்தான். வாசல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. முழங்கால் கொஞ்சம் வலிக்குது என்று அவள் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்து, மரத்தில் மூன்று படி செய்தான்.

கேஸ் குழாய்க்கும் கக்கூஸ் குழாய்க்கும் சாகிர் பாயைக் கூட்டிக்கொண்டு போனான். தொண்டிக்காரர், கராஜ் வைத்திருக்கிறார், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஏண்டா ராக்கு, ஊருல மாடி வச்சு பங்களா கட்டிப்புட்டு, இங்கன ஒரு தகர டப்பாக்குள்ள பொண்டாட்டியை அடைச்சு வைக்கப் போறியா? அந்தப் பிள்ளை வந்து பாத்துட்டு அடுத்த பிளைட்டுல போயிரும்லே."

"அந்த வீட்டுக்கு நான் விருந்தாளி பாய். எந்தச் சுவிட்சைப் போட்டா எந்த லைட்டு எரியும்னு எனக்குத் தெரியாது. இதுக்குள்ள கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்."

சாகிர் பாய் குழாயை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்று போய்விட்டார்.

கர்ட்டன் என் பொறுப்பு. ஐந்து ஜன்னல், எல்லாம் சின்னச் சின்ன ஜன்னல். என்ன கலர் என்று மீனாம்பாளிடம் கேட்டதற்கு மஞ்சள் என்று சொல்லியிருக்கிறாள். நான் துணியை எடுத்து வெட்டியும் விட்டேன். அன்றைக்குத்தான் மனசு கேட்காமல் அவளுக்கு நானே போன் பண்ணினேன். ஏம்மா இப்படிப் பண்ணுகிறாய், அவன் அங்கே ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான், நீ வரப்போவதே இல்லை, நான் எதற்காக இதைத் தைக்கிறேன் என்று கேட்டேன். அவள் சொன்னாள்.

"அண்ணே, அவரு இதுவரைக்கும் தனக்குன்னு ஒண்ணும் செஞ்சுக்கிட்டதில்ல. வீடு எனக்கு, நகை மகளுக்கு, மோட்டார் எங்கப்பனுக்கு. இப்பத்தான் ஆசையா ஒண்ணு செய்யிறாரு. முடிக்கட்டும். முடிச்சதும் சொல்லுவோம். நீங்க கர்ட்டனைத் தைங்க."

தைத்தேன். மஞ்சளில் ஓரத்துக்குப் பச்சை வைத்துத் தைத்தேன்.

அவளும் சும்மா இருக்க மாட்டாள். கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். கட்டில் எந்தப் பக்கம், தலை எந்தத் திக்கில், அம்மி வைக்க இடம் இருக்கா, துணி காயப் போட எங்கே. அவன் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து நடந்து காட்டுவான். அவள் இடது கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் வீடியோவில் வருவாள். மெஷினுக்கு ஊசி குத்துகிற கை அது. வெயிலில் கை வெந்துபோச்சு என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஒருதரம் தண்ணீருக்கு என்ன பண்ணுவீங்க என்று கேட்டிருக்கிறாள். பாலைவனம்தானே, பயம்போல என்று இவன் நினைத்துக்கொண்டான். முந்நூறு லிட்டர் தொட்டி இருக்கு, வாரத்துக்கு இரண்டு லாரி வரும், நீ எவ்வளவு வேண்டுமானாலும் குடி, குளி, கொட்டு என்று சொன்னானாம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். மறுநாள் என்னிடம் வந்து, தண்ணின்னு சொன்னதுக்கு எதுக்கு மச்சான் அம்புட்டுச் சிரிச்சா என்று கேட்டான். அவளுக்கு டாக்டர் அளந்து கொடுத்திருந்தது ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். கஞ்சி, காப்பி எல்லாம் அதற்குள்தான்.

அக்டோபரில் கேட் ரூமைக் காலி பண்ணிவிட்டுக் காரவானுக்கே குடி போய்விட்டான். இருந்து பார்த்தால்தான் என்ன குறை என்று தெரியும் என்றான். ஒரு வெள்ளிக்கிழமை நான் போனேன். மடக்கு மேஜையில் இரண்டு தட்டு இருந்தது. எனக்கு என்று நினைத்தேன், மூன்றாவது தட்டை எடுத்து எனக்குப் போட்டான். கட்டிலில் ஒரு பாதிதான் கசங்கியிருந்தது. இரண்டு பேர் இருந்தால் இடிக்காமல் திரும்ப முடியுமா என்று பழகிப் பார்க்கிறானாம். அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் போகும்போது யாரோ நிற்கிற மாதிரி ஒருக்களித்துப் போனான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவன் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நவம்பரில் விசிட் விசா வந்தது. மீனாம்பாள் நாளைத் தள்ளினாள். கார்த்திகை கழியட்டும் என்றாள், பிறகு பொங்கல் கழியட்டும் என்றாள். இவன் பொங்கலுக்கு மறு வாரம் டிக்கெட் போட்டுவிட்டான். காரவானில் எல்லாம் முடிந்தது, ஒரே ஒரு வேலை பாக்கி. இவ்வளவு பக்தியாக இருக்கிறவள் செவ்வாய் வெள்ளி இங்கே வந்து என்ன செய்வாள்? பர் துபாய் கோயிலுக்கு தைத்திலிருந்து போய்வரவே ஒரு நாள் ஆகும். அதனால் கட்டிலுக்கு எதிரே கிழக்குப் பார்த்து ஒரு சின்ன சாமிப் பலகை அடித்தான். அதில் வைக்க வேறு எந்தப் படமும் வேண்டாம், அவள் தினம் பார்க்கிற ஊர்க் காளியம்மன் படம்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டான். கோயில் பூசாரி பாண்டித்துரை இவனுக்குப் பங்காளி, தம்பி முறை. நேராக அவனுக்கே போன் பண்ணினான். உங்க மதினி செவ்வாய் வெள்ளி வருவாள்ல, அவ கையில் அம்மன் படம் ஒன்று கொடுத்து விடு, கொண்டுவரட்டும் என்றான்.

"மதினி கோயில் பக்கம் வந்து எட்டு மாசம் இருக்குமேண்ணே," என்று பாண்டித்துரை சொல்லிவிட்டான். அவனிடம் யாரும் எதையும் மறைக்கச் சொல்லியிருக்கவில்லை.

ராக்கப்பன் கடைக்கு வந்தபோது மத்தியானம் இருக்கும். சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மச்சான், செவ்வாய் வெள்ளி அவ எங்க போறா?"

சொன்னேன். தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே துணிக்கட்டு மேல் மெதுவாக உட்கார்ந்தான். அழவில்லை, ஏசவில்லை. தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டான். முக்கால் லிட்டர் என்றேன்.

"நான் முந்நூறு லிட்டர்னு சொன்னேனே மச்சான்."

பிறகு, கர்ட்டன் தைக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். ஊருக்குப் போகிற வரைக்கும் என் கடைக்கு அவன் வரவே இல்லை. இருபத்தொன்பது வருஷமாக வாரம் ஒருதரமாவது வந்துபோனவன்.

மீனாம்பாளுக்கு அவன் என்ன சொன்னான் என்பது உமாராணி பிறகு சொல்லித் தெரிந்தது. தனக்குத் தெரியும் என்று அவன் சொல்லவில்லை. விசா கேன்சல் ஆகிவிட்டது, காரவானைத் தோட்டத்தில் வைக்கக்கூடாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள், இங்கே இனி எனக்கு வேலையும் இல்லை, நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவளுக்கும் புரியாமல் இருக்குமா? சரிங்க, வாங்க என்று மட்டும் சொன்னாளாம்.

பெரிய மதாம் அழுதுகொண்டே அனுப்பி வைத்ததாக சாகிர் பாய் சொன்னார். கார்கோவில் அவன் போட்டது மடக்கு மேஜை, ஐந்து கர்ட்டன், அந்த சாமிப் பலகை, கழற்றிக் கட்டிய மூன்று படி. வேறு எதுவும் இல்லை. டிவி, போர்வை, சென்ட் பாட்டில் ஒன்றும் வாங்காமல் வளைகுடாவிலிருந்து போன ஆள் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

ஊர் வீடு பெரிய வீடு. கீழே ஒரு ஹால், மூன்று ரூம், மேலே இரண்டு. மார்பிள் பளபளவென்று இருக்கும். அவன் போனபோது மீனாம்பாளால் பத்து எட்டு சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. போய்ச் சேர்ந்த மறுநாள், ஹாலில் இருந்த சோபாவை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் தரையில் ஒட்டினானாம். பதினெட்டடிக்கு ஏழடி. வாசலுக்கு இரண்டடி விட்டு ஒட்டினான். உள்ளே கட்டில், மேஜை, அவள் உயரத்துக்குத் தக்கன ஒரு ஸ்டவ் மேடை. குறுக்கே கம்பி கட்டி மஞ்சள் கர்ட்டன். கிழக்குப் பக்கம் சாமிப் பலகை. அதில் வைக்கப் பாண்டித்துரையே படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று படியையும் தெருவாசலில் போட்டான், வண்டியிலிருந்து இறங்கி ஏற.

வண்டி ஓட்டத்தானே தெரியும் அவனுக்கு. பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கி, மங்கின கண்ணோடு செவ்வாயும் வெள்ளியும் ராமநாதபுரத்துக்கு அவனே ஓட்டினான். ஆஸ்பத்திரி என்று இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள். கோயில் என்றுதான் சொல்வார்கள். திரும்பி வந்ததும் அவள், ஆத்தா இன்னைக்கு நாலு மணி நேரம் உக்கார வச்சுட்டா என்பாள். காலையில் ஒரு முக்கால் லிட்டர் பாட்டிலை நிரப்பி மேஜையில் வைப்பான். தாகம் எடுக்கும்போதெல்லாம் மூடியில் ஊற்றிக் கொடுப்பான். அவனும் அன்றைக்கு அந்த அளவுதான் குடிப்பான் என்று உமாராணி சொன்னாள். அந்த டேப்புக்கு வெளியே இருந்த வீட்டில் அவர்கள் விளக்குப் போடவே இல்லை. பதினாலு மாசம் அப்படிக் குடித்தனம் நடந்தது. ஒரு மாசி மாசம், வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது, படியில் வைத்தே அவள் போய்விட்டாள்.

நானும் அந்த மாசமே விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். ஹாலில் சொந்தக்காரர்கள் உட்கார வேண்டும், கூட்டிக் கழுவிவிட வேண்டும் என்று உமாராணி குனிந்து டேப்பை ஒரு ஓரத்தில் உரிக்க ஆரம்பித்தாள். ராக்கப்பன் கட்டிலில் இருந்தான்.

"இருக்கட்டும்மா. வாரவுக வாசல் வழியா வரட்டும்."

அவள் உரித்த துண்டைத் திரும்பக் காலால் அழுத்தி ஒட்டினாள். எல்லாரும் சுவரோரமாக டேப்புக்கு வெளியே உட்கார்ந்தார்கள். யாரும் உள்ளே போகத் துணியவில்லை. நான் சுற்றிப் போய், இரண்டடி விட்டிருந்த அந்த இடத்தில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி நின்றேன். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"வாங்க மச்சான்," என்றான்.

உள்ளே போனேன். மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. கட்டிலில் அவன் ஒரு பாதியில் உட்கார்ந்திருந்தான். மறுபாதி விரிப்பு கசங்காமல் இருந்தது. நான் உட்காரவில்லை. சாமிப் பலகைப் பக்கமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.